'ஒரே நாளில் ஸ்மைல் டிசைன்': முன்பல்லில் பாண்டிங் செய்யப்போகிறவர்களுக்கு

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பெண் தன் மேல் முன்பற்கள் நான்கையும் சரிசெய்துகொண்டார். குறை சின்னதுதான். நடுப்பல் ஒன்றின் ஓரம் சில்லு போயிருந்தது, பக்கப் பற்கள் இரண்டும் கொஞ்சம் குட்டை. ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவது), ப்ளீச்சிங் (பல்லை வெளுக்க வைப்பது), வெனியர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய உறை) மூன்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாக ஒரு கிளினிக் விளம்பரம் செய்திருந்தது. பில்லில் 'ஸ்மைல் டிசைனிங்' என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. கல்யாணம் முடிந்து சில நாளில் கொய்யாப்பழம் கடித்தபோது ஒரு பல்லில் ஒட்டியிருந்த உறை அப்படியே பெயர்ந்து கையில் வந்துவிட்டது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "நீங்கள் கடினமானதைக் கடித்திருக்கிறீர்கள்" என்று சொல்லி மறுபடியும் பணம் கேட்டிருக்கிறார்கள்.

பல் மருத்துவர்களான நாங்கள் அந்தத் துண்டையும் மற்ற மூன்று பற்களையும் பார்த்தோம். இதே மாதிரி வேலை நிறைய நடக்கிறது என்பதால், எங்கே தப்பு நடந்தது என்பதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறோம்.

வைத்தது செராமிக் (பீங்கான்) வெனியர் இல்லை, காம்போசிட், அதாவது பல் நிறத்தில் இருக்கும் பிசின். அதைப் பல்லில் ஒட்டி வடிவமைப்பதுதான் பாண்டிங். காம்போசிட் நல்ல பொருள்தான். இந்தப் பெண்ணின் குறைக்கு அதுதான் பொருத்தமும்கூட. ஆனால் வாங்கிய காசு செராமிக்குக்கு. செராமிக் என்றால் அளவெடுத்து லேபுக்கு அனுப்பி, இன்னொரு நாள் ஒட்டவேண்டும். கிளினிக்கிலேயே கடைந்தெடுக்கும் மெஷின் இருந்தாலொழிய ஒரே சிட்டிங்கில் முடியாது. 'வெனியர்' என்ற பெயரை இரண்டுக்கும் சொல்கிறார்கள். அதனால் "காம்போசிட்டா, செராமிக்கா?" என்று நேராகக் கேளுங்கள்.

பணம் போனதைவிட எங்களை வருத்தியது கருவியால் பல்லைத் தேய்த்திருந்த விதம். சில்லு போன ஓரத்தை நிரப்பவும் குட்டைப் பல்லை நீட்டவும், விளிம்பை ஒட்டி 1 முதல் 2 மி.மீ. அகலத்துக்கு லேசாகச் சாய்வாக இழைத்துவிட்டாலே போதும். இவருக்கு நான்கு பல்லிலும் முன்பக்கம் முழுவதையும் இழைத்திருந்தார்கள். ஈறு ஓரத்தில் பல்லின் வெளி உறையான எனாமலின் கனமே 0.3 முதல் 0.5 மி.மீ. தான். அங்கே அதைத் தாண்டி உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் தெரிந்தது. எனாமலில் பிடிக்கிற பிடிப்பு டென்டினில் நீண்ட நாள் நிற்காது. தண்ணீர் குடித்தால் கூசும். கழன்ற காம்போசிட்டைத் திரும்ப வைக்கலாம், தேய்த்த எனாமல் வளராது. இனி அந்தப் பற்களை ஏதாவது ஒன்று வைத்து மூடியே காலம் தள்ளவேண்டும்.

பெயர்ந்த துண்டின் உள்பக்கம் வழவழவென்று பளபளத்தது. பல்லின்மேல் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. நன்றாகப் பிடித்த காம்போசிட் உடைந்தால் பொருளுக்குள்ளேயே உடையும். பல்லில் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். முழுசாக உரிந்து வந்தால் அது ஒட்டவே இல்லை என்று அர்த்தம். காரணத்தை அன்றைய பேக்கேஜிலேயே பார்க்கலாம். ஸ்கேலிங் செய்த ஈறு கசிந்துகொண்டிருக்கும்; எச்சிங் (ஒட்டுவதற்காக அமிலத்தால் பல்லைச் சொரசொரப்பாக்குவது) செய்த பல்லில் துளி ரத்தமோ எச்சிலோ பட்டாலும் பிடிப்பு போய்விடும். ப்ளீச்சிங் செய்த பல்லில் தங்கும் ஆக்சிஜன் பிசினை இறுகவிடாது. அதற்காகத்தான் ப்ளீச்சிங்குக்குப் பிறகு 2 வாரம் பொறுக்கச் சொல்வது. அவருடைய பல்லில் காம்போசிட்டின் கலர் மாறித் தெரிந்ததற்கும் ப்ளீச்சிங்தான் காரணம். ப்ளீச் செய்து காய்ந்த பல் தற்காலிகமாக வெளுத்திருக்கும். அதைப் பார்த்து ஷேடு எடுத்ததால் (நிறம் பொருத்தியதால்), பல் தன் நிறத்துக்கு வந்ததும் காம்போசிட் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் தனித்துத் தெரிந்தது. ஷேடு எடுக்கவேண்டியது வேலையின் தொடக்கத்தில், பல் ஈரமாக இருக்கும்போது.

ஒழுங்கான முறை இது. ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் தாள்) போட்டு, இல்லாவிட்டால் பஞ்சும் சக்‌ஷனும் வைத்துப் பல்லை உலர்வாக வைக்கவேண்டும். பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடாமல் டெஃப்லான் டேப் சுற்றவேண்டும். எனாமலில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 15 முதல் 30 விநாடி, பிறகு நன்றாகக் கழுவி உலர்த்தினால் பல் சாக்பீஸ் வெள்ளையில் தெரியும். பாண்டிங் திரவத்தை 20 விநாடி போலத் தேய்த்து, காற்றடித்து, அதை இறுகவைக்கும் லைட் காட்டவேண்டும். காம்போசிட் ஒரு அடுக்கு 2 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு அடுக்குக்கும் லைட். மொத்தமாக அப்பி ஒரே தடவை லைட் காட்டினால் மேலே இறுகும், அடியில் வேகாது. கடைசி லைட்டை கிளிசரின் ஜெல் தடவிக் காட்டினால்தான் காற்று பட்ட மேல்படலமும் முழுசாக இறுகும். இல்லையென்றால் டீ, மஞ்சள் கறை சீக்கிரம் ஏறும். பிறகு டிஸ்க்காலும் ஸ்ட்ரிப்பாலும் இழைத்துப் பாலிஷ். அவசரப்படாமல் செய்தால் ஒரு பல்லுக்கே முக்கால் மணி நேரம் ஆகும்.

அவர் பல்லிடுக்கில் ஃப்ளாஸ் விட்டதும் நூல் நார்நாராகப் பிரிந்தது. ஈறு ஓரத்தில் காம்போசிட் துருத்திக்கொண்டிருந்தது. ஈறு வீங்கி ரத்தம் வந்ததும் அதனால்தான். கடி பார்க்கும் நீலத் தாளை வைத்துக் கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தச் சொன்னோம். நீட்டிய விளிம்பு முழுக்க நீலம், அதாவது கடியின் பாரம் அங்கேதான் விழுந்தது. கொய்யாப்பழம் இல்லாவிட்டாலும் அது உடைந்திருக்கும்.

நாற்காலியில் சாய்வதற்கு முன்னால், "தேய்ப்பீர்களா? எங்கே, எவ்வளவு?" என்று கேளுங்கள். எச்சிங் செய்யாமல் பல்லில் காம்போசிட் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அது பிடிக்காது, பார்த்துவிட்டு உரித்துவிடலாம். பல் திரும்பியோ நெருக்கியோ இருந்தால் பாண்டிங் தடிமனாகத்தான் தெரியும். அதற்குக் க்ளிப்தான் வழி. விளிம்பு மட்டும் மேடுபள்ளமாக இருந்தால் அரை மி.மீ.க்கும் குறைவாக இழைத்தே சரியாகிவிடும், எதையும் வைக்கவே வேண்டாம். தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் காப்பு உறை) போடாமல் விளிம்பில் பாண்டிங் செய்யக்கூடாது. லைஃப்டைம் கியாரண்டி தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல காம்போசிட்டுக்கே சில வருடத்தில் பாலிஷோ பழுதுபார்ப்போ தேவைப்படும்.

பில்லில் பல் எண் (மேல் முன்பற்கள் நான்கும் 12, 11, 21, 22), பொருளின் பெயர், செய்த மருத்துவரின் பதிவு எண் இருக்கவேண்டும். பதிவு இல்லாதவர் உங்கள் பல்லில் கை வைக்கக்கூடாது. மருத்துவர் மீதான புகாரை மாநில பல் மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்பலாம். பணத்தையும் இழப்பீட்டையும் கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் போடவேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களையும் கிளினிக்கோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். துண்டு பெயர்ந்தால் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். ஃபெவிக்விக் வைத்து நீங்களே ஒட்டாதீர்கள். ஈறு வெந்துபோகும், எதனால் கழன்றது என்பதையும் பிறகு யாராலும் பார்த்துச் சொல்லமுடியாது.