இஎஸ்ஐ பணத்துக்கு ராஜினாமா கடிதம் எதற்கு?

பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிகளில் தையல் லைனில் இருக்கும் பெண்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில் வரும் பிரசவப் பணம் பற்றியது.

வளைகாப்பு முடிந்த மறுநாள் எச்ஆர் கூப்பிட்டார். நேராக மிஷினிலிருந்து எழுந்து போனேன். "ஏம்மா, இஎஸ்ஐல பிரசவப் பணம் வரணும்னா இதுல கையெழுத்துப் போடணும். குழந்தை பிறந்ததும் வந்து சேர்ந்துக்கோ" என்றார். டைப் அடித்த தாள், தேதி மட்டும் காலி. 'சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்.' படித்தேன், புரிந்தது, போட்டேன். விரலில் இருந்த சொல்யூஷன், ஷூ ஒட்டுகிற பசை, தாளில் ஒட்டிக்கொள்ள, அவர் சிரித்துக்கொண்டே பிய்த்து எடுத்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிகிறது.

இஎஸ்ஐ கவுன்ட்டரில் தாள்களைப் புரட்டிய அம்மா, "ராஜினாமா கடிதமா? அதை யார் கேட்டது?" என்றார். முந்தைய இரண்டு சந்தா காலத்தில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாள் சந்தா கட்டியிருந்தால் போதுமாம். 26 வாரத்துக்கு முழுச் சம்பளக் கணக்கில் பணம் வந்தது. கொடுத்தது இஎஸ்ஐ, கம்பெனிக்கு அதில் பைசா செலவில்லை.

அப்புறம் ஏன் அந்தக் கடிதம்? திரும்பச் சேரப் போனபோதுதான் விளங்கியது. புது ஐடி, புது நம்பர், புதுசாகச் சேருகிறவர்களுக்கான சம்பளம். நான் வேலை பார்த்திருந்தது 4 வருஷம் 7 மாதம். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, 5 வருஷம் வேண்டும். பிரசவ விடுப்பு 26 வாரமும் சர்வீஸில் சேரும் என்பது சட்டம். ஆக, லீவிலேயே 5 வருஷம் தாண்டியிருக்கும். அடிப்படைச் சம்பளம் 10,400. மாதத்தை 26 நாளாக வைத்து, 15 நாள் கணக்கில் வருஷத்துக்கு 6,000, ஐந்து வருஷத்துக்கு 30,000. ஒரு கையெழுத்தில் போச்சு. பிரசவ விடுப்பில் இருப்பவளை அவர்கள் வேலையை விட்டு நிறுத்த முடியாது. அதனால்தான் நானாகவே விலகியதாக எழுதி வாங்கினார்கள். ஒரு நாள் டைம் கேட்டு வீட்டில் காட்டியிருக்கலாம், என் முட்டாள்தனம்.

விலகல் கடிதம் தராதீர்கள். 'பிரசவ விடுப்பு வேண்டும்' என்று வெள்ளைத் தாளில் எழுதி, பிரசவத் தேதி போட்ட டாக்டர் சீட்டின் நகலோடு கொடுத்து, இன்னொரு நகலில் தேதியும் சீலும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள்.

எனக்கு அடுத்த மிஷினில் இருக்கும் அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். போன வாரம் அவரிடமும் அதே தாளை நீட்டியிருக்கிறார்கள். "வீட்டுக்காரர்கிட்ட காட்டிட்டு வர்றேன் சார்" என்று மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். குடியாத்தம் போகிற பஸ்ஸிலேயே போட்டோ எடுத்து வைத்துவிட்டோம்.