ஆறரை வருட மதர்போர்டும் ஒரு பட்டன் செல்லும்

போன ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது தடவையாகத் தீர்ந்துபோன ஒரு செல்லுக்காக, என் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே மதர்போர்டில் இருக்கும் நாற்பது ரூபாய் பட்டன் செல்லை மாற்ற ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கை கழுவிவிட்டு உட்கார்ந்தபோது சேலத்திலிருந்து சித்தி பையன் கூப்பிட்டான். புது டெஸ்க்டாப் போடப் போகிறானாம். "அண்ணா, பிராசசர் முடிவு பண்ணிட்டேன். போர்டு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றான். அன்றைக்கு இருந்த எரிச்சலில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது பி450 என்ற சிப்செட் போட்ட, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவு போர்டு. 2019 அக்டோபரில் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 3600 பிராசசருடன் சேர்த்து வாங்கினேன். ஏற்காட்டில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். முகூர்த்த மாதங்களில் இந்த மெஷின் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும். போர்டு கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. நான் குறை சொல்லப்போகும் விஷயம் பல கம்பெனி போர்டுகளில் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். ஆறரை வருடத்தில் இந்த போர்டில் கேபிள் மாட்டும் ஒரு போர்ட் கூடப் பழுதாகவில்லை. மலை ஈரத்தில் ரேமின் காண்டாக்ட் கறுத்துப்போய், வருடத்துக்கு ஒரு தடவை கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவேன், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு. 2020 மே மாதத்தில், அடுத்த தலைமுறை ரைசன் பி450-இல் வேலை செய்யாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கி ஏழெட்டு மாதம்கூட ஆகவில்லை, வயிறு எரிந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் கத்தியதில் அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். 2024-இல் யுபிஎஸ்ஸில் முழு சார்ஜ் இருக்கும் நேரம் பார்த்து, பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே, போர்டின் அடிப்படை சாஃப்ட்வேரான பயாஸை அப்டேட் செய்தேன். அப்புறம் அந்த பிராசசரைக் கழற்றிவிட்டு, அடுத்த தலைமுறை ரைசனில் ஒன்றான 5700எக்ஸை வைத்தேன். முதல் தடவையிலேயே டிஸ்ப்ளே வந்தது. ஆறு கோர் எட்டு கோர் ஆனது. போர்டும் ரேமும் அதேதான். இரண்டு பிராசசரும் 65 வாட் ரகம் என்பதால் போர்டின் சூட்டைக் குறைக்கும் சின்ன ஹீட்சிங்க்கும் தாங்கியது. அன்றைக்கு இந்த போர்டைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

சரி, இப்போது செல்லுக்கு வருகிறேன்.

ஏறக்குறைய எல்லா மதர்போர்டிலும் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் பட்டன் செல் ஒன்று இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவதும் பயாஸ் செட்டிங்கைக் காப்பதும் அதன் வேலை. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, மெஷினை ஷட்டவுன் செய்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை ஐந்து வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் செல்லுக்கு வேலை இல்லை. அதனால்தான் சமவெளியில் இருப்பவர்கள் பலருக்கு அந்தச் செல் இருப்பதே தெரியாது.

இங்கே அப்படி விட முடியாது. ஏற்காடு ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரம். சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி விழுந்தால் நம் தலைமேலேயே விழுந்த மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சுவிட்சை அணைத்துத்தான் வைத்திருந்தார்கள். மின்னல் நெட் கேபிள் வழியாக வந்து லேன் போர்ட்டைப் பொசுக்கிவிட்டுப் போனது. அதிலிருந்து நான் தினமும் ராத்திரி பிளக்கையும் பிடுங்கிவிடுவேன், நெட் கேபிளையும் பிடுங்கிவிடுவேன். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் நான்கு நாள் அப்படியே கிடக்கும். ராத்திரி முழுக்க அந்தச் செல் தனியாகக் கடிகாரத்தை இழுக்கிறது. சீக்கிரம் தீர்ந்துபோகாமல் என்ன செய்யும்?

செல் தீர்ந்துபோவதைக்கூட நான் குறை சொல்லவில்லை, அது தீரத்தான் செய்யும். அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். கிராபிக்ஸ் கார்டு மாட்டும் ஸ்லாட்டுக்கு நேர் கீழே வைத்திருக்கிறார்கள். 2019-இல் என்னிடம் இருந்தது ஒல்லியான சின்ன கார்டு, செல்லை மறைக்கவில்லை, அதனால் கவனிக்கவில்லை. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கினேன். இரண்டு ஃபேன், இரண்டரை ஸ்லாட் தடிமன். அதை மாட்டியதும் செல் கண்ணுக்கே தெரியாமல் போனது.

2023 கார்த்திகையில் ஒரு நாள் காலையில் டிஸ்ப்ளே வரவில்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. ரேமைத் தேய்த்தும் பயனில்லை. கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போனேன். அவ்வளவு கனமான கார்டை மாட்டியபடியே மலைப்பாதையில் கொண்டுபோகக் கூடாது, ஸ்லாட் விரிசல் விட்டுவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலில் போன சர்வீஸ் கடையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்க, மாத்திடலாம்" என்றார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. இன்னொரு கடையில் ஒரு பெரியவர் கார்டைக் கழற்றினார், செல்லை எடுத்து மீட்டரில் வைத்தார். 2.1 வோல்ட் காட்டியது. புதுச் செல் போட்டதும் டிஸ்ப்ளே வந்தது. செல்லுக்கும் கூலிக்கும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய்தான் வாங்கினார். அந்தச் செல் இருந்த அதே அட்டையிலிருந்து இன்னொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெரியவர் போட்ட செல் பதினான்கு மாதம்தான் தாங்கியது. இந்தத் தடவை மெஷின் ஓடியது, ஆனால் தேதி வருடக்கணக்கில் பின்னால் போயிருந்தது. நெட் அன்றைக்கு இல்லை, அதனால் தேதி தானாகவும் சரியாகவில்லை. நானும் கவனிக்காமல் வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஒரு முகூர்த்த வீடியோவை ஆறு மணி நேரம் எடிட் செய்து சேவ் செய்தேன். லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் ஒரே ஃபோல்டர் இருக்கும்படி ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். இரண்டில் எது புதுத் தேதியோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். டெஸ்க்டாப்பில் இருந்த புது வேலைக்குப் பழைய தேதி. லேப்டாப்பில் இருந்த முந்தின நாள் ஃபைல்தான் அதன் கணக்கில் புதியது. ஆறு மணி நேர வேலை போனது. தாலி கட்டும் இடத்தில் அப்பாவின் முகத்தையும் பெண்ணின் முகத்தையும் மாற்றி மாற்றி வெட்டியிருந்தேன். அதேபோலத் திரும்ப வரவே இல்லை.

அன்றைக்குச் செல்லை நானே மாற்ற உட்கார்ந்தேன். கேபினெட்டைப் படுக்க வைக்கணும். எட்டு பின் பவர் கேபிளைப் பிடுங்கணும், பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றணும். அப்புறம் ஸ்லாட்டின் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பூட்டை அழுத்தணும். அது கார்டின் முதுகுத் தகட்டுக்கும் பிராசசர் கூலருக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது, விரல் போகாது. பிள்ளையின் மரஸ்கேலை விட்டு அழுத்தினேன். டக் என்று சத்தம் கேட்டது, பூட்டு உடைந்துவிட்டது. இன்றுவரை அந்த கார்டு இரண்டு ஸ்க்ரூவை நம்பித்தான் நிற்கிறது. இந்தக் கோடையில், அன்றைக்கு நான் போட்ட அந்த இரண்டாவது செல்லும் தீர்ந்து, போன ஞாயிறு மறுபடி அதே பாடு. இந்தத் தடவை தெரிந்த கம்பெனிச் செல் போட்டிருக்கிறேன்.

செல் மாற்றியதோடும் முடிவதில்லை. பயாஸ் எல்லாவற்றையும் மறந்திருக்கும். 3200 வேக ரேம் 2400-இல் ஓடும். ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கைத் திரும்ப ஆன் செய்யணும், ஃபேன் வேகத்தைத் திரும்ப அமைக்கணும். அந்தப் பக்கங்களை ஃபோனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். போர்டு வைத்திருக்கும் எல்லோரும் இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள்.

தம்பிக்குச் சொல்வது இதுதான். நீ எடுப்பது ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் ரகம் என்றால் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கும். சாக்கெட் மூடியைக் கடையிலேயே திறந்து, பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பயாஸை பிராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து ஏற்றும் பட்டன் இருக்கட்டும். மற்றபடி வண்ண விளக்கு, வைஃபை எல்லாம் உன் இஷ்டம். ஆனால் போர்டின் படத்தை அதன் நிஜ அளவில் எடுத்து, நீ வாங்கப்போகும் கார்டின் நீளத்துக்கும் தடிமனுக்கும் ஒரு அட்டையை வெட்டி அதன்மேல் வைத்துப் பார். செல் தெரிகிறதா? ஸ்லாட் பூட்டு விரலுக்கு எட்டுகிறதா? போர்டிலேயே படுத்தபடி மாட்டும் எம்.2 டிஸ்க்கைக் கழற்ற கார்டைக் கழற்ற வேண்டியிருக்குமா? கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். பெட்டியிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

என் போர்டை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். ஆறரை வருடம் பழுதில்லாமல் உழைத்தது, ஒரே போர்டில் இரண்டு பிராசசர் பார்த்தேன், கொடுத்த காசுக்கு மேலேயே வேலை வாங்கிவிட்டேன். எல்லாம் உண்மை. இருந்தாலும் யாருக்கும் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த முகூர்த்த வீடியோவை இன்னும் மறக்க முடியவில்லை.

நேற்று அவன் இரண்டு போர்டின் படங்களை அனுப்பினான். ஒன்றில் செல் வழக்கம்போல ஸ்லாட்டுக்குக் கீழே. இன்னொன்றில் ஓரத்தில், டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா கனெக்டர்களுக்குப் பக்கத்தில், கார்டு எட்டாத இடத்தில் இருந்தது. இரண்டாவதை வாங்கு என்று உடனே சொல்லிவிட்டேன். அதன் விலையை அப்புறம்தான் கேட்டேன்.