ஒசூர் சாலையில் எஃப்டி-857டி: எட்டு மாத அனுபவம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஊத்தங்கரைக்கு மாதம் இரண்டு முறை காரில் போய்வருகிறேன். அம்மா அங்கே தனியாக இருக்கிறார். அந்தப் பயணங்களில் பேசுவதற்காகவே யாயெசு எஃப்டி-857டி என்ற அமெச்சூர் ரேடியோ செட்டை வாங்கினேன். இப்போது இது தயாரிப்பில் இல்லை. மூத்த ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) ஒருவர் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த செட், உரிமத்தைக் காட்டி வாங்கிக்கொண்டேன்.

எச்எஃப் என்கிற சிற்றலை, 6 மீட்டர், 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் அலைவரிசைகள் எல்லாம் இரண்டு கிலோ சொச்சம் எடையுள்ள ஒரே பெட்டியில். எச்எஃப்பில் 100 வாட் வரை தரும். என்னுடையது குறைந்த சக்திக்கே அனுமதி தரும் ரெஸ்ட்ரிக்டட் உரிமம், அதனால் மெனுவில் 50 வாட்டாகக் குறைத்துவிட்டேன். முகப்பு தனியாகக் கழன்று வரும். பெட்டி சீட்டுக்கு அடியில், முகப்பு மட்டும் டேஷ்போர்டில். தம்பி ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். ஓட்டிக்கொண்டே குமிழைத் திருப்புவது எனக்குச் சரிப்படாது.

முதல் மாதம் பட்ட பாடு மின் இணைப்பால்தான். எலெக்ட்ரிக்கல் கடையில் சிகரெட் லைட்டர் இணைப்பிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். மைக்கில் சத்தமாகப் பேசினால் போதும், செட் அணைந்துவிடும். முழு சக்தியில் இது 22 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த மெல்லிய ஒயர் எப்படித் தாங்கும்? எஸ்பி ரோட்டில் தடித்த தாமிர ஒயர் வாங்கி, பேட்டரியிலிருந்தே நேராக இழுத்து, இரண்டு ஒயரிலும் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டேன். அதன்பிறகு ஒருமுறைகூட அணையவில்லை.

அடுத்தது ஆன்டெனா. நான் அதிகம் பேசும் 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் அலைவரிசையில், கால் அலைநீளமே சுமார் 10 மீட்டர். அதைக் காரில் நிறுத்த முடியாது என்பதால் நடுவில் கம்பிச்சுருள் வைத்த குட்டைக் கம்பி. அது ட்யூன் ஆகும் அதிர்வெண் எல்லை ரொம்பக் குறுகலானது, கொஞ்சம் தள்ளிப் போனாலே எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வரும் சக்தியின் அளவுகோல்) ஏறிவிடும். செட்டுக்குள் ஆன்டெனா ட்யூனர் கிடையாது. அதனால் வழக்கமாகப் பேசும் அதிர்வெண்ணுக்குக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, அப்படியே இறுக்கி வைத்திருக்கிறேன். 2 மீட்டருக்கும் 70 சென்டிமீட்டருக்கும் பின்பக்கம் தனி சாக்கெட் இருப்பது பெரிய வசதி. சிக்னலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டருக்கு மாறும்போது எதையும் கழற்றி மாட்ட வேண்டாம்.

கேட்கும் திறன் எப்படி? சில்க் போர்டு சந்திப்பில் 40 மீட்டரில் வெறும் இரைச்சலே சிக்னல் மீட்டரில் எஸ்7 என்று உயரமாகக் காட்டும். செட் என்ன செய்யும், ஊரின் இரைச்சல் அது. இரைச்சல் துடிப்புகளை வெட்டும் நாய்ஸ் பிளாங்கரைப் போட்டால் வண்டிகளின் டிக் டிக் சத்தம் மட்டும் அடங்கும். பொம்மசந்திரா தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கும். அத்திப்பள்ளி தாண்டி ஒசூருக்கு வெளியே வந்துவிட்டால் எஸ்2தான். அப்போது டிஎஸ்பி என்கிற டிஜிட்டல் இரைச்சல் வடிகட்டியைப் போட்டுக் கேட்க வேண்டும்! காலை எட்டு மணி வாக்கில் சேலம், கோவை, மதுரை நண்பர்கள் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல வருவார்கள். போன மாதம் சூளகிரி தாண்டி ஓரம் கட்டிய காரிலிருந்து மதுரைக்காரர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினேன். ஐம்பது வாட்டுக்கும் அந்தக் குட்டைக் கம்பிக்கும் ஐந்து-ஒன்பது, அதாவது தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

பொத்தான்கள் குறைவு, மெனு ஆழம். கை பழக இரண்டு வாரம் பிடித்தது. நான் அடிக்கடி தேடும் மூன்று மெனு எண்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதி கண்ணாடி மறைப்பில் செருகியிருக்கிறேன்.

பழைய செட் வாங்குகிறவர்கள், முகப்பைப் பிரித்து வைக்கும் கேபிளும் பிராக்கெட்டும் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். புது செட்டோடுகூட அவை வந்ததில்லை, தனியாக வாங்க வேண்டிய சாமான். எனக்கு அது கிடைக்கவே மூன்று மாதம் ஆனது.