வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் 'முழு உடல்' பேக்கேஜ்: முதியோர் அசதிக்கு உதவுமா?

லேபுக்கு அலைய வேண்டாம், அந்த வகையில் பெரிய நிம்மதி. ஆனால் டெஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். அசதிக்கு முக்கியமானவை ஹீமோகுளோபின், சர்க்கரை, டிஎஸ்எச் (தைராய்டு), கிரியாட்டினின் (சிறுநீரகம்), வைட்டமின் பி12, சோடியம். இதில் சோடியம் பல பேக்கேஜ்களில் இருப்பதில்லை. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது குறைந்தால் சோர்வோடு நடையும் தள்ளாடும். தனியாகவாவது சேர்த்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருஷமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) கலந்த சத்து மாத்திரை தைராய்டு ரிசல்ட்டைக் குழப்பும், 2 நாள் முன்பே நிறுத்துங்கள்.

ரத்தம் எடுத்தவர் ட்யூபை வேகமாகக் குலுக்கினால் செல்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாகக் கூடும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் முதல் ஸ்லாட்டையே கேளுங்கள். ஆள் தாமதமானால் வெறும் வயிற்றில் லோ சுகர் ஆகிவிடலாம்.