ஒரே வட்டமா, ஒவ்வொரு வட்டமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் வாக்குச்சீட்டு கைக்கு வந்ததும் முதல் கேள்வி இதுதான்: மேலே கட்சிப் பெயருக்குப் பக்கத்திலுள்ள ஒரே வட்டத்தைக் கருப்பாக்கி, அந்தக் கட்சி வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரேயடியாக ஓட்டுப் போட்டுவிட்டுக் கிளம்புவதா, அதிபரில் தொடங்கி ஒவ்வொரு பதவியாக நிரப்புவதா? போன தேர்தலில் நான் ஒவ்வொன்றாகத்தான் நிரப்பினேன், இனியும் அப்படித்தான்.

கட்சி வட்டம் வேகமானது, வரிசையும் சீக்கிரம் நகரும், அதில் பேச ஒன்றுமில்லை. 2016-ல் சட்டம் போட்டு அதை நீக்கப் பார்த்தார்கள், 2018-ல் மக்களே வாக்களித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சிக்கல் வருவது ஒரே பதவிக்கு இருவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். மாநிலக் கல்வி வாரியம், மிச்சிகன் பல்கலைக்கழக ரீஜென்ட் (ஆட்சிக்குழு உறுப்பினர்) போன்றவற்றில் பொதுவாக ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டிரண்டு இடம். கட்சி வட்டத்தை மட்டும் நிரப்பினால் அந்தக் கட்சியின் இருவருக்கும் ஓட்டு விழும், சரி. அதோடு எதிர்க்கட்சியில் ஒருவரைப் பிடித்துப்போய் அவரையும் குறித்தால்? ஆள் மூன்று, இடம் இரண்டு. உங்கள் கட்சியின் இருவரில் யாரைக் கழற்றுவது என்று ஓட்டு எண்ணும் எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதில் எழுதிவைத்த விதிப்படிதான் அது எண்ணும், விதியோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பக்கத்து இந்தியானாவில் 2016-லிருந்து, பலரைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் கவுன்சில் இடங்களுக்குக் கட்சி வட்டம் எடுபடவே எடுபடாது; தனியாகக் குறிக்காவிட்டால் அங்கே உங்கள் ஓட்டு பூஜ்யம். இருவரையும் நானே குறித்துவிட்டால் இந்த விதி எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எந்திரம் எச்சரிக்காதா என்றால், பாதிதான் எச்சரிக்கும். இரண்டு இடத்துக்கு மூன்று பேரைக் கையால் குறித்தால் ஸ்கேனர் சொல்லிவிடும், 2002-ன் கூட்டாட்சிச் சட்டமே அதைக் கேட்கிறது. குறைவாகக் குறித்தால் பொதுவாகச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்ளும். நீதிபதி, பள்ளி வாரியம் எல்லாம் கட்சி சாராத பகுதியில் வருவதால் கட்சி வட்டம் அங்கே எட்டாது. மாநில உச்ச நீதிமன்ற வேட்பாளர்களைக் கட்சி மாநாடுகளே நிறுத்தினாலும் சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது, இது என்ன கூத்தோ. மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போகிறவர் இவ்வளவையும் காலியாக விட்டுப் போகிறார்.

இந்த விஷயத்தில் தொடுதிரை எந்திரமே மேல் என்பார்கள்: மூன்றாவது ஆளை எடுக்கவே விடாது, கடைசியில் மொத்தப் பட்டியலையும் காட்டும். நான் அதில் ஓட்டுப் போட்டதில்லை, கேள்விப்பட்டதுதான். ஆனால் டெக்சஸில் 2018-ல், சக்கரம் திருகிப் பொத்தான் அழுத்தும் ஈஸ்லேட் எந்திரங்களில், கட்சியைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு செனட் பதவியில் வேறு கட்சி வேட்பாளர் பதிவாகியிருந்தார். திரை முழுதாக வருமுன் அழுத்திவிட்டார்கள் என்றார்கள் அதிகாரிகள். 2020-லிருந்து அங்கே கட்சித் தேர்வே கிடையாது.

மிச்சிகனில், கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் முதல்நிலைத் தேர்தல் கதை வேறு. அங்கே ஒரு கட்சியின் பத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் கட்சிப் பகுதி முழுக்கச் செல்லாது. ஸ்கேனர் சொல்லும்போதே புதுச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.