நல்லூரில் இருந்து ரொறன்ரோ வழியாக

இந்த முறை யாழ்ப்பாணத்தில் மூன்று கிழமை நின்றேன். பாதி லீவு, பாதி வேலை. நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதியில் அறை. துப்புரவான இடம், காலையில் இடியப்பமும் சொதியும், வைஃபையும் நல்ல வேகம். ஆனால் அதன் கடவுச்சொல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. வந்து போகிற எல்லோருக்கும் அதுதான். வங்கித் தளங்கள் தாமே மறையாக்கம் செய்கின்றன, அதாவது தகவலைப் பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றி அனுப்புகின்றன என்பது உண்மை. ஆனாலும் நான் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பதை அந்த இணைப்பை நடத்துகிறவர் பார்க்கலாம். அதோடு, போன பயணத்தில் வெளிநாட்டு இணைய முகவரியில் இருந்து நுழைந்ததற்காக என் வங்கி கணக்கையே பூட்டிவிட்டது.

அதனால் இம்முறை ரொறன்ரோவில் மாத வாடகைக்கு எடுத்த சின்னச் சேர்வர் ஒன்றை ஆயத்தப்படுத்தி வைத்துவிட்டு வந்தேன். எஸ்எஸ்எச் என்பது தூரத்துக் கணினிக்குள் மறையாக்கிய பாதையால் நுழைய உதவும் நிரல். அதன் கட்டளையில் பெரிய எழுத்து ‘டி’யும் 1080 என்ற போர்ட் (கணினியின் இணைப்பு வாசல்) எண்ணும் கொடுத்தால் மடிக்கணினியிலேயே ஒரு சாக்ஸ் வாசல் திறக்கும்; அதற்குள் போகிறதெல்லாம் அந்தப் பாதையால் சேர்வருக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குப் போகும். பெரிய ‘என்’ சேர்த்தால் வேறு கட்டளை எதுவும் ஓடாமல் பாதை மட்டும் இருக்கும். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் சாக்ஸ் ப்ராக்ஸியாக (இடைத்தரகராக) 127.0.0.1, அதாவது இதே கணினி, 1080 என்று போட வேண்டும். டிஎன்எஸ் தேடலும் (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடுவது) அதே வழியால் போகட்டும் என்ற பெட்டியிலும் கட்டாயம் சரி போடுங்கள். அது விடுபட்டால் தளங்களின் பெயர்கள் விடுதியின் இணைப்பு வழியாகவே வெளியே போகும்.

முதல் நாள் இரவு ஒன்றும் இணையவில்லை. எஸ்எஸ்எச் வழமையாகப் பாவிக்கும் 22ஆம் போர்ட்டை விடுதி அடைத்திருந்தது. போன் டேட்டாவால் உள்ளே போய், 443ஆம் போர்ட்டிலும் கேட்கும்படி சேர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். பாதுகாப்பான வலைத்தளங்கள் எல்லாம் போகிற போர்ட் அது, அதை அடைப்பவர்கள் குறைவு. பழைய இணைப்பை மூடாமல், இன்னொரு திரையில் புதியதைச் சோதித்த பிறகுதான் விட்டேன். அதில் பிழை விட்டிருந்தால் இங்கிருந்து எஸ்எஸ்எச் மூலம் சேர்வருக்குள் போக வழியே இருந்திருக்காது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மருமகன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். “மாமா, இது விபிஎன் தானே?” என்றான். இல்லை. விபிஎன் பொதுவாகக் கணினி முழுவதையும் கொண்டுபோகும். இதில் நாம் காட்டிவிட்ட பிரவுசர் மட்டும் போகும். சேர்வருக்கு அப்பால் எல்லாம் சாதாரண இணையம்தான் என்றும் சொன்னேன். 1995இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட பிறகு, அங்கிருந்த தாத்து யுலோனென் எழுதியதுதான் எஸ்எஸ்எச் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சேர்வருக்குள் மட்டும் திறக்கிற என் கணக்குப் பக்கத்தையும் எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய ‘எல்’ கொடுத்து 8080ஆம் போர்ட்டில் இங்கே திறந்து காட்டினேன். பக்கங்கள் கொஞ்சம் சுணங்கித்தான் வந்தன. ஒவ்வொன்றும் கனடா போய் வர வேண்டுமே. கரண்ட் போனால் பாதையும் அறும். போன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு அதே வரியை மறுபடி ஓட்டினால் சரி.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் மருமகன் தானே, கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பாவிக்கும் சாவிச் சோடி ஒன்று (ஒன்று இரகசியம், மற்றது பொது) உருவாக்கினான். பொதுச் சாவியை வாங்கி, சேர்வரில் அவனுக்குத் தனிக் கணக்குத் திறந்து போட்டுவிட்டேன். கட்டுநாயக்காவில் விமானத்துக்குக் காத்திருந்தபோது செய்தி வந்தது: “மாமா, நான் ரொறன்ரோவில நிக்கிறன் எண்டு காட்டுது!”