பழைய சீலிங் ஃபேனுக்கு ரிமோட் போட்டு சில வருஷம் ஓட்டியதில் தெரிந்தவை

நன்றாக ஓடும் பழைய ஃபேனை ரிமோட் ஒன்றுக்காகவே கழற்றிப் போட மனசு வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் படுக்கையறை ஃபேன் பழைய காலத்தது. கனமான மோட்டார், ஆட்டம் கிடையாது, காற்று அறை முழுக்க வரும். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. நடுராத்திரி குளிரெடுத்தால் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டர் வரை போவது அவருக்குப் பெரிய பாடு. அதற்காகத்தான் தனியாகக் கிடைக்கும் ரிமோட் ரிசீவர் ஒன்றை வாங்கி மாட்டினோம்.

ரிசீவர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. கரண்ட் உள்ளே வர இரண்டு வயர், ஃபேனுக்குப் போக இரண்டு வயர். மேலே கொக்கியை மூடியிருக்கும் கப்புக்குள் அதை உட்கார வைக்க வேண்டும். ஸ்விட்ச் போர்டுக்குள்ளேயே வைத்தால் சுலபமாயிற்றே என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான போர்டுகளில் ஃபேன் ஸ்விட்சுக்கு ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், மட்டும்தான் வரும். அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் இருக்காது. ரிசீவர் எப்போதும் விழித்திருந்து ரிமோட்டைக் கவனிக்க வேண்டுமானால் இரண்டும் வேண்டும். கூரையில், ஃபேன் மாட்டும் இடத்தில், இரண்டும் தயாராக இருக்கும்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, இந்தப் பெட்டி வேகத்தை எப்படிக் குறைக்கிறது என்பதுதான். ரிமோட்டின் அழகையோ பொத்தான்களின் எண்ணிக்கையையோ பார்த்து வாங்கக் கூடாது. ஒரு வகையில் டிரையாக் என்ற பாகம், மின்னலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு பகுதியை வெட்டிவிடும். பெட்டி சின்னதாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் வெட்டுப்பட்ட அலை மோட்டாருக்குள் போகும்போது குறைந்த வேகத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பும். பகலில் கவனிக்க மாட்டோம். வீடு அடங்கிய பிறகு அது மட்டும்தான் காதில் விழும். இன்னொரு வகையில் சின்னச் சின்ன கன்டென்சர்களை (கெப்பாசிட்டர்களை) ரிலே என்ற, மின்சாரத்தால் இயங்கும் குட்டி ஸ்விட்ச் மூலம் மோட்டாரோடு தொடரில் சேர்ப்பார்கள். மோட்டாருக்குப் போகும் வோல்டேஜ் குறையும், அலையின் வடிவம் பெரிதாகக் கெடாது. முனகல் இல்லை. வேகம் மாற்றும்போது 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்கும், அவ்வளவுதான். தெரிந்தவர் வீட்டில் முதல் வகை ஓடுவதைக் கேட்ட பிறகு, பெட்டி சற்றுப் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்று இரண்டாவதைத் தேடி வாங்கினேன். தூங்கும் அறைக்கு என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஃபுல்லில் வைத்துவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. போதாது. டிரையாக் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால், ஃபுல்லில் இருந்தாலும் கரண்ட் பெரும்பாலும் அதன் டிரையாக் வழியாகத்தான் வரும். யாராவது பழக்கத்தில் அதைத் திருப்பிவிட்டால் ரிசீவருக்குக் குறைபட்ட கரண்ட் போகும். அது அணைந்து அணைந்து எரியும், ரிமோட் சொல்வதைக் கேட்காது, நாளடைவில் பெட்டியே போய்விடலாம். சுவர் ஸ்விட்ச் மட்டும் அப்படியே இருக்கட்டும். ஃபேனிலேயே சங்கிலியை இழுத்து வேகம் மாற்றும் வகையாக இருந்தால், அதிக வேகத்தில் வைத்துவிட்டு அப்புறம் சங்கிலியைத் தொடாமல் இருக்க வேண்டும்.

கப்பை இறக்கியதும் நாங்கள் முதலில் பார்த்தது ஃபேனின் சொந்த கன்டென்சரை. அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சாகியிருந்தது. மல்டிமீட்டரில் பார்த்தால் 2-க்கும் கீழே காட்டியது. 'பழைய ஃபேன், மெதுவாகத்தான் சுற்றும்' என்று நாங்கள் பழகிப் போயிருந்ததற்கு அதுதான் காரணம். அதே மதிப்பில் புதிதாக மாற்றியதும் பழைய வேகம் திரும்பிவிட்டது. இதைப் பார்க்காமல் ரிசீவரை மட்டும் மாட்டினால், முதல் வேகத்தில் ஃபேன் கிளம்பவே திணறும். பழி ரிமோட் மேல் விழும். ஏணியில் ஏறியது ஏறியாயிற்று என்று கொக்கியில் இருக்கும் ரப்பர் புஷ், போல்ட், அதன் நுனியில் குத்தியிருக்கும் பின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை கனம் தலைக்கு மேல் தொங்குவது அவற்றை நம்பித்தான்.

மெயினை அணைக்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பழைய வயரிங்கில் ஸ்விட்சை ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் கொடுத்திருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் மேலே கரண்ட் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வயரையும் தொட வேண்டாம். பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே சரி.

ரிமோட்டிலும் இரண்டு வகை. டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பில் வேலை செய்வதற்கு, கப்புக்கு வெளியே ஒரு சின்னக் கண்ணைத் தொங்கவிட வேண்டும். அதை நோக்கித்தான் அமுக்க வேண்டும். கண்ணில் தூசி படிந்தால் தகராறு செய்யும். ரேடியோ அலையில் வேலை செய்வது, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், போர்வைக்குள்ளிருந்து அமுக்கினாலும் கேட்கும். எங்களுடையது இந்த வகை. படுத்த வாக்கிலேயே அம்மா வேகத்தைக் குறைக்கிறார் என்றால் இதனால்தான். இருட்டில் பொத்தான் தெரியவில்லை என்றார். வேகம் குறைக்கும் பொத்தான் மேல் ஒரு சொட்டுப் பசை விட்டுக் காயவைத்தோம். இப்போது விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுகிறார். ஒரே வீட்டில் இரண்டு ஃபேனுக்கு இந்த வகையைப் போட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொந்த ரிமோட்டோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை அமுக்க இரண்டும் சுற்றும்.

தினப்படி பயன்பாட்டில் பெரிய வித்தியாசம் தெரிவது, கரண்ட் போய்த் திரும்பி வரும்போது. சில ரிசீவர்கள் அணைந்த நிலையிலேயே இருக்கும், சில ஃபுல் வேகத்தில் கிளம்பும், சில கடைசியாக வைத்த வேகத்தை நினைவில் வைத்திருக்கும். எங்களுடையது மூன்றாவது ரகம். அதோடு சுவர் ஸ்விட்சை ஒரு முறை அணைத்துப் போட்டால் ரிமோட் இல்லாமலும் ஃபேன் ஓடும். ரிமோட் தலையணைக்கடியில் மாட்டிக்கொண்ட ராத்திரிகளில் இதன் அருமை தெரிந்தது. இந்த வசதி இல்லாததை வாங்காதீர்கள்.

டைமரை நாங்கள் அதிகம் தொடுவதில்லை. இரண்டு மணி நேரத்தில் ஃபேன் முழுசாக நின்றுவிட்டால் அம்மா வியர்த்து எழுந்துகொள்கிறார். வேகத்தைக் குறைத்துக்கொள்வதே அவருக்குப் போதுமாக இருக்கிறது.

ஒரு கோடையில் குறைந்த வேகம் இரண்டும் வேலை செய்யாமல் போயின. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கன்டென்சர் உப்பியிருந்தது. அறையிலேயே சூடான இடம் கூரையை ஒட்டிய அந்தக் கப்புக்குள்தான், காற்றோட்டமும் கிடையாது. பெட்டியை மாற்றினோம். புதியதைக் கப்புக்குள் திணிக்காமல், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ரிமோட் போட்டால் கரண்ட் மிச்சமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய மோட்டார் ஃபுல் வேகத்தில் 75 வாட் அளவில் இழுத்தால், ரிமோட் போட்ட பிறகும் அதையேதான் இழுக்கும். பிஎல்டிசி (BLDC) என்ற, குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் முடித்துவிடும். தினம் 12 மணி நேரம் ஓடினால் மாசத்துக்கு 16 யூனிட் வித்தியாசம். பிஎல்டிசி ஃபேனுக்கு இந்த ரிசீவரை மாட்டவும் கூடாது, அதற்குள்ளேயே தனி கட்டுப்பாடு இருக்கிறது. எங்கள் ஹால் ஃபேனில் பேரிங் தேய்ந்து உரசல் சத்தம் வருகிறது, பகல் முழுக்க ஓடவும் செய்கிறது. அதற்கு ரிசீவர் வாங்கப் போவதில்லை, பிஎல்டிசியே மாட்டப் போகிறோம்.